ஆறரைக் கட்டைப் பாட்டு

லெமியூல் காடிஸ் ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஐம்பத்தாறு வயதிலும் தம் கைக்குட்டைக்குத் தாமே இஸ்திரி போடுவார். இரண்டு பென்சில்களைக் கூராகச் சீவிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சோளக்கஞ்சியும் உண்டு முடித்துத் தொலைபேசியின் அருகில் வந்து அமர்வார். சுவர்க்கடிகாரம் பத்து அடித்ததும் அர்லீதா மாஸின் எண்ணைச் சுழற்றுவார். அவள் எடுத்தவுடன், நலம்கூட விசாரிக்காமல், "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார்.

அவள் உண்டது முட்டையா ரொட்டியா என்பதில் அவருக்கு எள்ளளவும் அக்கறையில்லை. பதில் சொல்லும் குரல் அன்று எவ்விடத்தில் நிற்கிறது, எங்கே கரகரக்கிறது என்பதையே அவர் செவி கூர்ந்து கேட்பார். மாலையில் அவள் குரல் எந்தக் கட்டையைத் தாங்கும் என்பது அந்த அரை நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

சிகாகோவின் தென்பகுதியில் அர்லீதாவின் பாட்டை அறியாதவர் இலர். 'ஒற்றைக் கையுறை' முதலாக அவள் பாடிய பன்னிரண்டு பாட்டுகள், முடிதிருத்தும் கடையிலும் மீன்கடையிலும் இசைப்பெட்டிகளுக்குள் பதினெட்டு ஆண்டுகளாகச் சுழன்றுகொண்டிருந்தன. அத்தனை ஆண்டுகளும் அவளுக்குப் பியானோ வாசித்தவர் லெமியூல். இசைத்தட்டின் முகப்பில் அவள் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். கீழே பொடியெழுத்தில் 'பியானோவுடன்' என்று மட்டும் இருக்கும். அதை அவர் பொருட்படுத்தியதில்லை. உலகம் முழுவதும் அவளைக் கொண்டாடட்டும்; ஆனால் அவள் பாட்டுக்கு வேண்டியதைக் கொடுக்கும் கை தம் கையாக மட்டுமே இருக்கவேண்டும். ஒருமுறை சாக்ஸபோன்காரன் ஒருவன் அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் நான்கு சுரங்களை அழகாக நுழைத்துவிட்டான். அவள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மாதம் முடிவதற்குள் அவனுக்கு வேறு குழுவில் இடம் தேடிக்கொடுத்துவிட்டார் லெமியூல். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பாட்டுத்தாள்கள் அடங்கிய பழுப்புநிறத் தோல்பையையும் அவர் பிறர் கையில் கொடுத்ததில்லை. அதற்குப் பொறாமையைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அர்லீதாவின் குரல் மெல்லக் கீழிறங்கத் தொடங்கியது. வயது ஏறினால் குரல் இறங்குவது இயல்பே. 'ஒற்றைக் கையுறை' ஆறரைக் கட்டைப் பாட்டு. கடைசியில் 'திரும்பி வா' என்னும் இடம் உச்சத்தில் போய் நிற்கும். அந்த உச்சியை அவளால் எட்ட முடியாத முதல் வாரத்திலேயே லெமியூல் அரைக்கட்டை குறைத்தார். மூன்றாண்டு சென்று மற்றோர் அரை. பிறகு மற்றோர் அரை. இப்போது அது ஐந்து கட்டையில் நிற்கிறது. மற்றப் பதினொரு பாட்டுகளும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் வெளியூர்ப் பயணத்தின்போது, ஊருக்கு ஊர் பியானோவின் சுருதி மாறும் காலம் பார்த்து, அவர் அதைச் செய்தார். அவளுக்கு இசைக்குறிகளைப் படிக்கத் தெரியாது. அவர் வாசிக்கும் முன்னிசையைப் பிடித்துக்கொண்டு பாடுபவள். ஆகவே அவள் அறியவில்லை.

தாளை மட்டும் அவர் திருத்தவில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும், அந்தப் பாட்டுத்தாளின் தலையில் ஆறரைக் கட்டைக்குரிய இரண்டு குறிகள் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "என் ரெண்டு கொம்பு" என்பாள். கொம்பைக் காணோமென்றால் கேட்டுவிடுவாள். கேட்டால் என்ன சொல்வது? கட்டையைக் குறைத்துக்கொண்ட வேறொரு பாடகியைப் பற்றி அவள் ஒரு விருந்தில் எல்லாரும் கேட்கச் சொல்லியிருந்தாள்: "பாவம், மாடியில குடியிருந்தவ. இப்ப நிலவறைக்குக் குடிவந்துட்டா!" அன்று அனைவரும் சிரித்தனர். லெமியூலும் சிரித்தார்.

குழுவில் இந்த மறைவை அறிந்தவர் டபுள்பாஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் ஹோசியா கிரம்ப் ஒருவரே; மீதியிருந்த முரசுக்காரனுக்குச் சுருதி தேவையில்லை. பாட்டுத் தொடங்குமுன் பியானோக்காரர் விரலால் சுருதியைக் குறிப்பது அந்தத் தொழிலில் வழக்கம். இரண்டு விரல் கீழ்நோக்கினால் ஆறரைக் கட்டை. ஒரு விரல் மேல்நோக்கினால் ஐந்து. மற்றப் பியானோக்காரர்கள் அதை வெளிப்படையாகக் காட்டுவார்கள். லெமியூல் பியானோப் பலகைக்கு அடியில், ஹோசியாவுக்கு மட்டும் தெரியும்படி, இடக்கையால் காட்டுவார்.

மார்ச்சு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு அவர் வழக்கம்போல் கூப்பிட்டார்.

"என்ன சாப்பிட்டே?"

"சாப்பாடு கெடக்கட்டும் லெம்! சேதி கேட்டியா? என் பன்னெண்டு பாட்டையும் புதுசாப் பாடி ஒரே பெரிய தட்டாப் போடப்போறாங்களாம். பதினெட்டு வயலின்! நாலு செல்லோ! கார்லைல் பூன்னு நியூயார்க் பையன், அவந்தான் எல்லாத்தையும் எழுதுறான்."

"பியானோவுக்கு நான் எப்போ வரணும்?"

"பியானோவையும் அவனே வாசிச்சு நடத்துவானாம். அப்படித்தான் பண்ணணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. நீ வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கோ. நீ இல்லாம எனக்குப் பாட வருமா? ஆங், மறந்துடாதே, நாளைக்கு அந்தப் பையை எடுத்துட்டு வா. அவன் தாளெல்லாம் பாக்கணுமாம்."

லெமியூல் தொலைபேசியை வைத்துவிட்டுச் சீவியிருந்த பென்சிலை மறுபடியும் சீவினார். பாதிப் பென்சில் தீர்ந்த பிறகே நிறுத்தினார்.

மறுநாள் அவர் அவள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தபோது, சன்னலோரம் அவர் எப்போதும் அமரும் நாற்காலியில் கார்லைல் பூன் அமர்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும், மெல்லிய கழுத்து, மெல்லிய மீசை. அவன் முன்னால் சூடான சோளரொட்டி ஒரு தட்டு நிறைய இருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் அர்லீதா தமக்கென்று சோளரொட்டி சுட்ட நாளை லெமியூல் எண்ணிப் பார்த்தார். அவர் கால் முறிந்து படுத்திருந்தபோது ஒரு தடவை. அதுவும் அடிப்பிடித்திருந்தது.

பூன் துள்ளியெழுந்து அவர் கையைப் பற்றிக்கொண்டான். "ஐயா, உங்களைப் பாக்கணும்னு எத்தனை நாள் ஆசை! 'ஒத்தைக் கையுறை'க்கு நீங்க வாசிச்ச முன்னிசை இருக்கே, அதைக் கேட்டுட்டுத்தான் நான் பியானோ முன்னாலயே உக்காந்தேன். பதினாலு வயசுல."

அவன் மட்டுமரியாதை தெரியாதவனாக இருந்திருந்தால் லெமியூலுக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். "அப்படியா" என்று மட்டும் சொல்லி, மீதியிருந்த முக்காலியில் அமர்ந்தார்.

"பாத்தியா லெம், எவ்வளவு மரியாதையா பேசுறான்!" என்றாள் அர்லீதா. அவள் உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். அதுவும் புதன்கிழமை முற்பகலில்.

பூன் பையைத் திறந்து முதல் தாளை எடுத்தான். அவன் நெற்றி சுருங்கியது. "ஒரு சந்தேகம்மா. ஜனவரியில உங்க கச்சேரிக்கு வந்திருந்தேன். அன்னிக்கு இந்தப் பாட்டு இதைவிடக் கொஞ்சம் கீழே இருந்த மாதிரி எனக்குப் பட்டுது. இதுல ஆறரைன்னு போட்டிருக்கே?"

அர்லீதா வாய்விட்டுச் சிரித்தாள். "உன் காதுல பனி அடைச்சிருக்கும் தம்பி! முப்பத்தேழாம் வருஷத்துலேருந்து அதே எடத்துலதான் பாடுறேன். ரெண்டு கொம்பு இருக்கா பாரு. லெம், நீயே சொல்லேன்!"

பூன் லெமியூலைப் பார்த்தான். அவனைத் தனியே வாசலுக்கு அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லெமியூல் அவன் தட்டைப் பார்த்தார். அரை ரொட்டி மிச்சமிருந்தது. அர்லீதா அதன்மேல் தன் கையாலேயே வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"தாள்ல என்ன எழுதியிருக்கோ அதான்" என்றார் அவர்.

அது பொய்யன்று. வீடு திரும்பும் வழியெல்லாம், ஏரிக்காற்று காதை அறுக்க, அவர் அதையே தமக்குச் சொல்லிக்கொண்டு நடந்தார். பை இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, நண்பகலில், மீன்கடையில் ஹோசியா அவருக்கு எதிரே வந்து அமர்ந்தார். பெருத்த உடம்பு; பலகை முனகியது. வறுத்த கெளுத்திமீனைப் பிட்டு வாயிலிட்டுக்கொண்டே அவர் லெமியூலை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, பொண்டாட்டி பாதிரியாரோட சினிமாவுக்குப் போயிட்ட மாதிரி உக்காந்திருக்கே?"

"மீனைத் தின்னு."

"தின்னுக்கிட்டுதான் இருக்கேன். என்னை அந்தப் பதிவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நேத்து என் தாள் வந்துது." ஹோசியா எண்ணெய்க் கையால் இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். "ரெண்டு. பதினெட்டு வயலினுக்கும் அப்படித்தான் எழுதியாச்சு. அந்தப் பையனுக்கு நீ சொல்லலையா?"

"அவன் தாளைக் கேட்டான். குடுத்தேன்."

"அடப்பாவி! அவ அங்கே ஏறிப் பாடினா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாதா?"

"ஒனக்குந்தான் தெரியும். நீ சொல்லேன்."

"நான் சொல்லிடுவேன். சொன்னா அவ என்ன கேப்பா? 'எத்தனை வருஷமாடா என்னை ஏமாத்துறீங்க'ன்னு கேப்பா. அந்தக் கேள்விக்குப் பதில் எங்கிட்ட இல்லண்ணே. ஒங்கிட்டதான் இருக்கு." அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஒனக்குப் பொறாமைண்ணே. சின்னப் பயலைப் பாத்து."

"அவன் வாசிக்கிறது எனக்கென்ன? வாசிக்கட்டும். கூட்டம் கூட்டமா வாசிக்கட்டும்."

"ஆமாமா, ஒனக்கு ஒண்ணுமே இல்ல. அதான் மீனைத் தொடாம அதோட தலையை மட்டும் கிள்ளிக்கிட்டிருக்கே."

பதிவு நாளன்று கடிகாரம் பத்து அடித்தது. லெமியூல் தொலைபேசியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். கையை நீட்டவில்லை. இனி அந்தக் குரலை வேறொருவன் விசாரித்துக்கொள்ளட்டும் என்றிருந்தார். பதினெட்டு ஆண்டுகளில் அவர் கூப்பிடாத முதல் நாள் அது.

பிற்பகல் ஒரு மணிக்குப் பதிவுக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே வயலின்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. முதல் ஒத்திகையில் அர்லீதா வாய்க்குள் முணுமுணுத்தே பாடினாள், குரல் உச்சத்தை எட்டுமா என்று தெரியவில்லை. வயலின்களின் ஒலி எழுந்தது. லெமியூலின் முன்னிசையைப் பூன் அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிலும் மெல்லிய திரைபோல வயலின்களைத் தொங்கவிட்டிருந்தான். தம் வீட்டுக்குள் வேறொருவன் புகுந்து விளக்கேற்றியது போலிருந்தது. விளக்கு நன்றாகவும் எரிந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாம் முறை அர்லீதா முழுக்குரலில் பாடினாள். நடுப்பகுதியிலேயே கழுத்து நரம்பு புடைத்தது. 'திரும்பி வா' என்னுமிடம் வந்தது. குரல் மேலே போய், விளிம்பைத் தொட்டு, உடைந்தது.

"சளி" என்றாள் அவள். வெந்நீர் வரவழைத்துக் குடித்தாள். மீண்டும் பாடினாள். மீண்டும் அதே இடத்தில், முன்னைவிட மோசமாக உடைந்தது. வயலின்காரர்கள் தத்தம் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஹோசியா எவரையும் பாராமல் கண்ணாடியை மட்டும் பார்த்தார். பூனின் முகம் வெளிறியிருந்தது.

தாம் விரும்பியது நடந்துவிட்டது என்று லெமியூலுக்குத் தெரிந்தது. அந்த நிறைவு ஒரு மிடறு நீர் குடிக்கும் நேரமே நிலைத்தது.

அர்லீதா கதவைத் திறந்துகொண்டு நேரே அவரிடம் வந்தாள். உதட்டுச்சாயம் கலைந்திருந்தது. "காலைல நீ ஏன் கூப்பிடல?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீ கூப்பிடல, என் நாளே சரியில்ல. உள்ளே வா லெம். வயலினெல்லாம் சும்மா இருக்கட்டும். நீ வாசி, ஹோசியா இருக்கான், போதும். அந்தப் பையன் கைக்கு எனக்குப் பாட வரல. என் தொண்டைக்கு ஒன் கைதான் தெரியும்."

பதினெட்டு ஆண்டுகளாக அவர் கேட்கக் காத்திருந்த சொல் அது. எல்லாரும் கேட்கும்படி, பூன் கேட்கும்படி, அவள் அதைச் சொல்லிவிட்டாள். பூன் மறுபேச்சில்லாமல் எழுந்து, முக்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, "உக்காருங்க ஐயா" என்று ஒதுங்கி நின்றான்.

லெமியூல் அமர்ந்தார். ஹோசியாவின் பார்வை பழக்கப்படி பலகைக்கு அடியில் இறங்கியது. ஒரு விரலை மேல்நோக்கிக் காட்டினால் போதும். அர்லீதா ஐந்து கட்டையில் தடையில்லாமல் பாடிவிடுவாள். பதினெட்டு வயலின்களும் பூனும் வந்த வழியே நியூயார்க்குக்கு ரயிலேறுவார்கள். அவள் சாகும்வரை, 'லெம் கை இல்லாமல் எனக்கு வராது' என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

இடக்கை பலகைக்கு அடியில் சென்றது. அங்கேயே நின்றது. அவள் புகழ்ந்தது எதை? வாசிப்பையா? அதைத்தான் பூனும் சுரம் பிசகாமல் வாசித்தானே. அவள் தொண்டை அறிந்திருந்தது தம் கையையல்ல, பலகைக்கு அடியிலிருந்த அந்த ஒரு விரலை மட்டுமே என்பது லெமியூலுக்கு அப்போது விளங்கியது. யாரும் பறிக்க முடியாதபடி தாம் காத்துவந்த இடம் அவ்வளவுதான். ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்குக்கூட அது பெரிதாக இல்லை.

அவர் கையை வெளியே எடுத்தார்.

"அஞ்சு கட்டை" என்றார், கூடம் முழுவதும் கேட்கும்படி.

"அஞ்சா?" என்றாள் அர்லீதா. "அது ஆறரைல்ல? என் ரெண்டு கொம்பு?"

"தாள்லதான் ஆறரை. நீ பாடுறது அஞ்சு."

அவள் ஹோசியாவைப் பார்த்தாள். ஹோசியா வாத்தியத்தின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த முகத்துக்கு அந்தக் கழுத்து போதவில்லை.

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா. அன்னிக்கு இவன் கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். வேணும்னேதான் சொல்லல. உன் குரல் உடையட்டும்னு இருந்தேன். இவன் வாசிக்கிறப்ப உடையணும்னு இருந்தேன்."

அர்லீதா கோப்பையில் மிச்சமிருந்த வெந்நீரைக் குடித்தாள்.

"அப்ப ஒம்பது வருஷமா நானும் நிலவறையிலதான் குடியிருக்கேனா? மாடியில இருக்கிறதா நெனைச்சுக்கிட்டு ஊரெல்லாம் கைகாட்டிச் சிரிச்சிருக்கேனே!" அது சிரிப்பா அழுகையா என்று அவராலேயே பிரித்தறிய முடியவில்லை. "ஒன்கூட அப்புறம் பேசிக்கிறேன் லெம். நெறையாப் பேசணும். இப்ப வாசி. எங்கே குடியிருக்கேன்னு நானே பாக்குறேன்."

அவர் வாசித்தார். அவள் ஐந்து கட்டை என்று அறிந்தே முதன்முறையாகப் பாடினாள். எட்டவேண்டும் என்னும் பதைப்பு இல்லாததால், 'திரும்பி வா' என்பதை ஒருவரைக் கெஞ்சாமல், கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சுவரோரம் நின்றிருந்த பூன் கண்களை மூடிக்கொண்டான். பாட்டு முடிந்தபின், "அம்மா, இந்தக் கீழ்க்குரல்! இதுக்கு வயலின் ரொம்ப வேணாம். கீழே ஒலிக்கிற செல்லோ போதும். இது எப்பேர்ப்பட்ட குரல்னு உங்களுக்கே தெரியலையே!" என்றான்.

லெமியூலுக்கு அன்றைய தினத்தில் எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைத்தது அச்சொல்தான். ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கீழ்க்குரலுக்கு மிக அருகில் இருந்தவர் அவர். அதை மறைப்பதிலேயே கருத்தாக இருந்ததால், அது அழகாயிருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. நேற்று வந்தவன் ஒரே தடவையில் கேட்டுவிட்டான்.

வயலின்காரர்கள் கலைந்தார்கள். எல்லாத் தாள்களையும் குறைந்த கட்டைக்கு மாற்றி எழுதவேண்டும். பதிவு வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. பூன் தோல்பையை இரு கைகளாலும் எடுத்து லெமியூலிடம் நீட்டினான். "வியாழக்கிழமை நீங்களே வாசிங்க ஐயா. நான் நடத்துறதோட நிறுத்திக்கிறேன்."

அர்லீதா மேலங்கியை மாட்டிக்கொண்டே, முகம் திருப்பாமல், "என்ன லெம், யாரு உக்காரப்போறா?" என்று கேட்டாள்.

லெமியூல் பன்னிரண்டு தாள்களையும் வெளியே எடுத்தார். பென்சிலைத் தொடவில்லை, ஹோசியாவிடம் பேனா வாங்கினார். முதல் தாளின் தலையிலிருந்த இரண்டு கொம்புகளையும் அடித்துவிட்டு, பக்கத்தில் உண்மையான சுருதியை எழுதினார். பன்னிரண்டையும் அவ்வாறே எழுதி முடித்து, மை உலரும்வரை காத்திருந்து, பையில் அடுக்கிப் பூனின் கையில் கொடுத்தார்.

"தம்பியே வாசிக்கட்டும். பத்து மணிக்கு நான் கூப்பிடுறேன். நீ எடுத்தா என்ன சாப்பிட்டேன்னு கேக்குறேன். கட்டையை இவனுக்குச் சொல்லிடுறேன். ஆனா வியாழக்கிழமை நான் வரல, அர்லீதா. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால என்னால உக்கார முடியாது."